பச்சைத் திரையைச் சுமந்தது யார்?

அத்தியாயம் 7

“அம்மா இந்தப் பெட்டிக்குள்ள இருக்காங்களா, இல்ல அந்தக் கெசட்டுக்குள்ளயா?”

சிந்துஜா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. வருடம் 1990. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கணக்கெழுதும் கிளாக்கரின் வீட்டு மேசையில் ஒரு கணினி இருந்தது. ஊரைவிட்டுப் போன தோட்ட மேலாளர், பெரிய துரை, கொடுத்துவிட்டுப் போனது. அதன் திரையில் பச்சைப் புள்ளிகளால் ஆன ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. அந்தக் கிளாக்கர்தான் அவள் அப்பா கறுப்பையா. சட்டையின் கைப்பகுதியால் திரையைத் துடைத்தார், அவ்வளவுதான்.

முப்பத்தைந்து வருடங்கள் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில், அதே சிந்துஜா கண்டி மார்க்கெட்டுக்கு அருகே ஒரு தையல்கடையின் மாடியில், இராஜலிங்கம் துப்பறியும் நிலையத்தின் ஒரே நல்ல கதிரையில் உட்கார்ந்திருந்தாள். இப்போது அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். ஒரு மணி நேரம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“மொனிட்டர் எப்ப காணாமப் போனது?” என்று கேட்டார் இராஜலிங்கம். முப்பத்திரண்டு வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் திருநீறு, காலில் இன்னமும் தபால்காரச் செருப்பு.

“காணாமப் போகல சேர். கடைக்காரரே கையால எடுத்துக் குடுத்திருக்காரு. எனக்கு இல்ல. வேற யாருக்கோ.”

“டீவி மாதிரி ஒரு பெட்டிதானே தாத்தா. வேற ஒண்டு வாங்கேலாதா?” என்றாள் றிப்தா. அவள் இராஜலிங்கத்தின் உதவியாளர். முச்சக்கர வண்டியும் அவளுடையது, வாயும் அவளுடையது. தன்னைவிட மூத்த எந்தப் பெண்ணும் அவளுக்குத் தாத்தாதான். கண்டி முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்; அண்ணன் ‘நானா’, ‘இருக்கு’ என்பது ‘ஈக்கி’.

“மூணு மாசமாத் தேடுறேன். புது டீவி எதுல போட்டாலும் ‘சிக்னல் இல்லை’ன்னு வருது. அந்தக் காலத்துக் கம்பியூட்டர் அனுப்புறத இந்தக் காலத்துத் திரைக்குப் படிக்கத் தெரியல. அதுவுமில்லாம அந்தக் கம்பியூட்டருக்குத் தனியாக் கரண்டு வயரே கெடையாது. அதுக்குன்னே செஞ்ச மொனிட்டர்ல இருந்து ரெண்டு வயர் வரும். ஒண்ணு படத்துக்கு, ஒண்ணு கரண்டுக்கு. மொனிட்டர்தான் கம்பியூட்டருக்குச் சோறு போடுது.”

“வீட்டோட மாப்பிள்ள,” என்றாள் றிப்தா. “மாமி வீட்டுல ஆக்கினாத்தான் இவருக்குத் தீனி.”

இராஜலிங்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “கெசட்டை லெப்டொப்பில் போட்டுப் பார்த்தீங்களா?”

“பாத்தேன் சேர். டேப் இழுபட்டுப் போச்சி. அந்த மெஷினோட சொந்த ரெக்கோடருக்கு மட்டுந்தான் அது பேசுறது வெளங்குது.” சிந்துஜா கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். “எங்கம்மா பேரு வேலாயி. எனக்கு நாலு வயசுல செத்துட்டாங்க. அவங்கள யாருமே போட்டோ எடுக்கல. அப்பாதான் ஞாபகத்துல இருந்தத வச்சி, ஆளுக வருகை பதியுற கட்டம் போட்ட தாள்ல, கட்டம் கட்டமாப் புள்ளி வச்சி, அத நம்பராக்கிக் கம்பியூட்டருக்குள்ள ஏத்துனாரு. அந்த ஒரு மொகந்தான் இருக்கு. பழைய மொனிட்டர் மின்னல்ல செத்து முப்பது வருஷமாச்சி.”

“இப்ப ஏன் அவசரம்?”

“அப்பாவுக்குக் கண்ணு போகுது சேர். வலது கண்ணு முடிஞ்சிருச்சி. இடது கண்ணுல ஒரு சாவி ஓட்டை அளவுக்குத்தான் தெரியுது. அதுவும் இனி மாசக் கணக்கு இல்லையாம், கிழமைக் கணக்காம். போறதுக்கு முன்னால ஒரு தரம் பாத்துட்டாப் போதும்னு சொல்றாரு.”

கீழே தையல் இயந்திரம் மட்டும் ஓடியது.

சிந்துஜா நடந்ததைச் சொன்னாள். திங்கட்கிழமை மாலை வத்தேகமவில் ரேடியோ, டீவி திருத்தும் றவூப் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். மூடிப்போன ஒரு டியூஷன் நிலையத்தின் களஞ்சியத்தில் அதே மொனிட்டர் கிடைத்துவிட்டது, வேலையும் செய்கிறது என்றிருக்கிறார். புதன்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சிந்துஜா சொன்னாள். செவ்வாய்க்கிழமையே யாரோ ஒரு பெண் போய், ‘சிந்துஜா அனுப்பினாங்க’ என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிரவு சிந்துஜா தொலைபேசியில் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

“மொனிட்டர் கிடைத்தது யார் யாருக்குத் தெரியும்?”

“போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுனேன், அப்பாவும் கேக்கட்டுமேன்னு. அப்பா, அப்பா ரெண்டாவதாக் கட்டுன சின்னம்மா, நான். அப்புறம் அந்தத் தினுஷன்.” அந்தப் பெயரைச் சொன்னபோது அவள் முகம் சுருங்கியது. “பழைய கம்பியூட்டர் சேக்குற ஆளு. நம்ம மெஷினக் கேட்டு மூணு தரம் வந்துட்டாரு. திங்கக்கெழம ராத்திரியும் போன் பண்ணுனாரு. சந்தோசத்துல நானே உளறிட்டேன். அவருக்குத்தான் சேர் பொறாம. ஆளு வச்சி எடுத்திருப்பாரு.”

அவள் படியிறங்கிப் போனதும் றிப்தா ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள். அங்கே புதிதாக வந்த இன்னொரு துப்பறியும் நிலையத்தின் கண்ணாடிக் கதவு மினுங்கியது.

“அங்க ஏசி ஈக்கி சேர். கோப்பி மெஷின் ஈக்கி. நேத்து ஒரு வைரமோதிரக் கேஸ் வந்தீக்கி. எங்களுக்குப் பழைய டீவி.”

“பொறாமையா?”

“பொறாம இல்ல சேர். கோப்பி வாசம்.”

“எனக்கும் கொஞ்சம் இருக்கு,” என்று ஒத்துக்கொண்டார் இராஜலிங்கம். “வண்டியை எடு.”

---

வத்தேகமவில் றவூபின் கடை பஸ் நிலையத்திலிருந்து ஐம்பது அடி மேலே, ஒரு சரிவில் இருந்தது. கூரை வரை செத்த தொலைக்காட்சிகள். எதிரே ஒரு கைபேசிக் கடையில் வண்ண விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. றவூப் இவர்களோடு பேசும்போதும் கண்ணின் ஒரு மூலையால் அந்தக் கடைக்குள் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

“அங்க பாருங்க, காலையில இருந்து பதினாலு பேர். ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு! இங்க நான் ஒரு பழைய கம்பியூட்டருக்கு ரப்பர் பெல்ட்டத் தேடி, அறுத்து, அளவு பார்த்துப் போட்டு உசிர் குடுத்தீக்கேன். ஒருத்தர் எட்டிப் பாக்கல்ல.”

“நாங்க எட்டிப் பாக்க வந்தீக்கோம் றவூப் நானா,” என்றாள் றிப்தா. “அந்தப் பொம்பிள எப்படி ஈந்தா?”

“மாஸ்க் போட்டீந்தா. தலையில முந்தான. வயசு செல்லேலா. நான் பிழ செய்துட்டேன் ஐயா, அந்தப் பிள்ளட்ட ஒரு கோல் எடுத்துக் கேட்டீக்கணும். ஆனா வந்தவ கதச்ச கதையில சந்தேகமே வரல்ல.”

“என்ன சொல்லிக் கேட்டாங்க? அப்படியே சொல்லுங்க,” என்றார் இராஜலிங்கம்.

றவூப் யோசித்தார். “‘சிந்துஜா அனுப்புனா. அந்தக் கம்பியூட்டருக்குக் கரண்டு குடுக்குற டீவியத் தாங்க’ன்னா.”

“மெஷின் பெயர்? நம்பர்?”

“ஒண்டும் செல்லல்ல.”

இராஜலிங்கம் றிப்தாவைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள்.

“எப்படிக் கொண்டு போனாங்க? எட்டுக் கிலோவாவது இருக்குமே.”

“அதுதான் ஆச்சரியம். நான் த்ரீவீல் பிடிச்சித் தாரேன்னேன். வாணாமாம். ஒரு சாக்கும் கயிறும் கேட்டா. கயித்த நான் வெட்டப் போனேன், ‘பொறுங்க’ன்னு வாங்கி அவவே அளந்தா. உச்சந்தலையில ஒரு முனையப் பிடிச்சி, முதுகுப் பக்கமா இடுப்பு வரைக்கும் உட்டுப் பார்த்து, அதே மாதிரி ரெண்டு மடிப்பு எடுத்து, ‘இந்த அளவுக்கு வெட்டுங்க’ன்னா. இன்னொரு விஷயம். போற நேரம் ஒரு கேள்வி கேட்டா ஐயா. ‘இது கீழ விழுந்து ஒடஞ்சா வெடிக்குமா, பக்கத்துல ஆளு நின்னா ஆபத்தா?’ன்னு.”

றிப்தாவின் கண்கள் விரிந்தன. “உடைக்கப் போறா! சேர், உடைச்சே ஈப்பா!”

“வெடிக்காது, ஆனா கண்ணாடி பறக்கும், கவனம்னு சென்னேன்,” என்றார் றவூப். “சரின்னு தலைய ஆட்டினா. அந்த நேரம் தூறல் விழுந்திச்சி. வாசல்ல நிண்டு பார்த்தா. திரும்பி வந்து, பொலித்தீன் ஈந்தாக் குடுங்கன்னு கேட்டா.”

“எவ்வளவு?”

“ரெண்டு சுத்துக்கு.”

இராஜலிங்கம் எழுந்துவிட்டார். றவூபின் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, “நீங்க பிழை செய்யல. நல்ல ஆளுகிட்டத்தான் குடுத்திருக்கீங்க,” என்றார். றவூபுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அன்று முதன்முதலாக எதிர்க் கடையைப் பார்க்க மறந்துபோனார்.

---

“தினுஷன்தான் சேர்,” என்றாள் றிப்தா, வண்டியைக் கண்டி வீதியில் திருப்பியபடி. “ஒரு பொம்பிளய அனுப்பியிருக்கான். நம்பர் ஈக்கி. பேசுங்க.”

“நீயே பேசேன்.”

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி வீடியோ அழைப்பு எடுத்தாள். திரையில் ஒல்லியான மனிதர் ஒருவரும், அவருக்குப் பின்னால் அலுமாரி நிறையப் பழைய கணினிகளும் தெரிந்தன. தினுஷன் யாழ்ப்பாணத்தவர். கண்டிக்கு வந்து இருபது வருடமாகியும் பேச்சில் ஊர் போகவில்லை.

“ஓம், தினுஷன் கதைக்கிறன். அந்தப் பிள்ளையின்ர மொனிட்டரோ? போயிட்டுதோ? ஐயோ!” அவர் உண்மையிலேயே தலையில் கைவைத்தார். “நான் எடுக்கேல்லை. எடுத்திருந்தா இப்ப உங்களுக்குக் காட்டிக்கொண்டெல்லோ நிப்பன்! இஞ்ச பாருங்கோ, பன்னிரண்டு மெசின் கிடக்கு. அவவின்ர மட்டும் இல்லை. அதை நினைச்சாச் சோறு இறங்குதில்லை. எரியுது தங்கச்சி, பொய் சொல்லேல்லை. ஆனா மொனிட்டர் இல்லாம அந்த மெசின் கிடந்து என்ன? எனக்குப் பொறாமைப்படக்கூட ஒண்டும் மிஞ்சாதே!”

அழைப்பு முடிந்ததும் றிப்தா சற்று நேரம் ஹேண்டிலில் தாளம் போட்டாள்.

“இவன் இல்ல,” என்றாள், ஏமாற்றத்தோடு.

“இல்ல. தினுஷன் ஆள் அனுப்பியிருந்தா மொடல் நம்பரை எழுதிக் குடுத்து அனுப்பியிருப்பார். வந்தவங்களுக்குப் பெயரும் தெரியல, நம்பரும் தெரியல. ஆனா அந்தத் திரைதான் கணினிக்குக் கரண்டு கொடுக்கும்னு தெரியுது. அது கடையில படிச்ச அறிவு இல்ல. அந்த மெஷினோட ஒரே வீட்டில் இருந்து, தூசி தட்டி, வயரைக் கழற்றிப் பூட்டின ஆளோட அறிவு.”

றிப்தா தாளத்தை நிறுத்தினாள்.

“உச்சந்தலையிலிருந்து இடுப்பு வரைக்கும், ரெண்டு மடிப்பு,” என்றார் இராஜலிங்கம். “நான் தெல்தோட்டைப் பக்கம் ஒன்பது வருஷம் தபால் கொடுத்தேன். மலையில் அந்த அளவை எத்தனை பேர் அளந்து பார்த்திருக்கேன் தெரியுமா? கொழுந்துக் கூடைக்குக் கயிறு கட்டுற அளவு அது. கயிறு தலையில், கூடை முதுகில்.”

“தோட்டத்தில கூடை தூக்கினவங்க ஆயிரம் பேர் ஈக்கிறாங்க சேர்.”

“அந்தக் கம்பியூட்டர் இருக்கிற வீட்டில் ஒருத்தர்தான்.”

றிப்தாவின் வாய் திறந்தது. மூடியது. அவளுடைய பதினெட்டு மாத உத்தியோகத்தில் இது மூன்றாவது தடவை.

“சின்னம்மா,” என்றாள் மெதுவாக. “அப்ப... உடைச்சீப்பாவா?”

“உடைக்க முடிவெடுத்தவங்க மழைக்கு மூடமாட்டாங்க,” என்றார் இராஜலிங்கம். “ரெண்டு சுத்து.”

---

கலஹா வழியாக அவர்கள் தெல்தோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி தாண்டி மழை பிடித்திருந்தது. சாலையோரத்தில் தகரக்கூரை வீடு. கறுப்பையா முன்னறையில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. வந்தவர்களின் முகத்தை அவர் ஒரேயடியாகப் பார்க்கவில்லை. தலையைச் சிறிது சிறிதாக அசைத்து, இருக்கிற ஓட்டைக்குள் நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பார்த்தார். மூலையில் மேசை மேல், துணி போர்த்தி, அந்தக் கணினி.

“கெடைக்குமாங்க ஐயா?” என்றார்.

“முருகன் புண்ணியத்தில் கிடைக்கும்.”

சிந்துஜாவின் சின்னம்மா, அறுபத்தாறு வயதான அங்கம்மா, பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள். றிப்தா கிழவரிடம் பழைய கணினியைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கத் தொடங்கினாள். இராஜலிங்கம் வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

ஒரு சுவர் முழுக்க விறகு. எல்லாக் கட்டைகளிலும் புகையும் ஒட்டடையும் படிந்திருந்தன, நடுவில் ஓரிடத்தைத் தவிர. அங்கே கட்டைகள் சுத்தமாக இருந்தன. அவர் அந்தப் பக்கம் இரண்டாம் முறை பார்க்கவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார்.

“அக்கா, இந்த மழைக்கு ஒரு பொலித்தீன் தாங்குமா?”

அகப்பை நின்றது. கூரையில் மழை கொட்டியது.

“ரெண்டு சுத்து சுத்தியிருக்கேன் ஐயா,” என்றாள் அங்கம்மா.

வேறு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவளும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதுகு அவர் பக்கம் இருந்தது.

“எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

“கயிறு அளந்ததை வைச்சு.”

“முப்பது வருஷம் அளந்த கை. தானாப் போயிருச்சி.” நெருப்பைத் தள்ளிவிட்டாள். “நான் வாக்கப்பட்டு வந்த புதுசு. வெள்ளிக்கெழம ஆனா வெளக்கு வப்பாரு, சூடம் காட்டுவாரு, அப்புறம் அந்தப் பெட்டியப் போடுவாரு. நான் குளிச்சி, பூ வச்சி, பின்னால நிப்பேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. மின்னல்ல அது கருகுனப்போ என்னா செஞ்சேன் தெரியுமா? கோயிலுக்குப் போயித் தேங்கா ஒடைச்சேன்.”

இராஜலிங்கம் பலகையை அடுப்புக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார்.

“உசிரோட இருக்குறவளா இருந்தாச் சண்ட போடலாம். அவளுக்கு இருபத்தேழு வயசோட நின்னு போச்சி. எனக்குப் பல்லு கொட்டிருச்சி. சோறு ஆக்குனது நான். அவளுக்குப் பொறந்த புள்ளைக்குத் தல சீவிவிட்டது நான். அந்தப் புள்ள என்னய ஒரு கொற சொன்னதில்ல, அது வேற. ஆனா இந்த மனுசனுக்குக் கண்ணு அணையப் போகுது ஐயா. கடைசியா உள்ள போயி நிக்கப் போறது யாரு மொகம்? அன்னிக்கு ஸ்பீக்கர்ல அந்த நானா ‘கெடைச்சிருச்சி’ன்னதும் இவரு சிரிச்சாரு பாருங்க. என்னப் பாத்து அப்படி ஒரு நாள் சிரிச்சதில்ல.”

“அதனால் போனீங்க.”

“ஒடைக்கத்தான் போனேன். பொய் சொல்லல.”

“ஏன் உடைக்கல?”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“முதுகுல ஏத்துனேனா? கனம் ஏறுச்சி. கூடை தூக்குறத விட்டுப் பதினோரு வருஷமாச்சி. ஆனா முதுகுக்கு ஞாபகம் இருந்திருச்சி. நான் கொழுந்து எடுக்கப் போன மொத வருஷம். அம்மை போட்டு எந்திரிச்ச ஒடம்பு, கை ஓடல. நிறுவை கொறைஞ்சா அரைப் பேருதான் போடுவாங்க. அரை நாள்தான் வேல செஞ்சதாக் கணக்கு. பக்கத்து நெரையில வேலாயி. எனக்கு அவளத் தெரியாது. கங்காணி அங்கிட்டுத் திரும்புனா, அவ கூடையில இருந்து ரெண்டு கையாலயும் அள்ளி எங் கூடையில போடுவா. ஒம்பது நாளு. ஒருத்தருக்கும் சொல்லல. எங்கிட்டயும் ஒரு பேச்சுப் பேசல. நிறுவை எடத்துல, ‘இந்தப் புள்ள நல்லா எடுக்குதே’ன்னு கங்காணி என்னயத்தான் மெச்சுனாரு. அவ பேசாம நின்னா. அவ சாகுற வரைக்கும் அவளுக்கு ஒரு கிள்ளுக் கொழுந்து நான் திருப்பிப் போடல ஐயா.”

மனிதர் செய்த ஒரு சிறு நன்மை மண்ணுக்குள் விதை போல எத்தனை வருடமும் கிடக்கும். அது முளைக்க வேண்டிய நாளை இறைவனே குறிக்கிறான். இராஜலிங்கம் அப்படி நம்புகிறவர். அதனால் அவருக்குப் புத்தி சொல்லத் தோன்றவில்லை.

“இப்ப சிந்துஜாகிட்ட என்னான்னு சொல்லப் போறீங்க?” என்று கேட்டாள் அங்கம்மா. “தலை நிமிர்ந்து நிக்க முடியாது ஐயா.”

“நான் தபால்காரன் அக்கா. கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் என் வேலை. உறைக்குள்ளே எழுதியிருக்கிறதைப் படிக்கிறது இல்ல.”

---

நான்கு மணி பஸ்ஸில் சிந்துஜா வந்து இறங்கி, குடையை மடக்குவதற்குள், “சேர், தினுஷன் ஒத்துக்கிட்டாரா?” என்றாள்.

“தினுஷனுக்கு இதில் பங்கே இல்ல. அவர்மேல் பழி போட்டதுக்கு நீங்க ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கணும். மொனிட்டர் உங்க வீட்டிலேயே இருக்கு. உங்க சின்னம்மா போய் எடுத்து, பஸ்ஸிலேயே கொண்டுவந்து, நனையாம மூடி வைச்சிருக்காங்க.”

“முதுகில கட்டி...” என்று தொடங்கிய றிப்தா, காலில் தபால்காரச் செருப்பு பலமாக அழுத்தியதும், “முதுகு வலியோட,” என்று முடித்தாள்.

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. கேட்டவளுக்கு அது வேறு உண்மையாக விளங்கியது. சிந்துஜா குசினி வாசலுக்கு ஓடினாள்.

“சின்னம்மா! ஏன் சொல்லல? ராவெல்லாம் அழுதுகிட்டிருந்தேனே!”

அங்கம்மா தரையைப் பார்த்தபடி, “பெருசா இருந்துச்சி. நீ தூக்க மாட்டியேன்னு,” என்றாள். சிந்துஜா அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடிக்குள் அங்கம்மா ஒரு கட்டை போல நின்றாள்.

விறகுக்குள்ளிருந்து வந்த பெட்டியில் ஒரு கீறல் இல்லை. இரண்டு வயர்களையும் சொருகினார்கள். திரை மெல்லப் பச்சையாக வெளுத்தது. றிப்தா கைதட்டினாள்.

ஒரு சிக்கல் இருந்தது. ரெக்கோடரின் பட்டன் அழுத்திய நிலையில் நிற்கவில்லை. றவூப் பெல்ட்டை மாற்றியிருந்தாலும் பட்டனின் உள்ளே ஒரு பல் தேய்ந்துபோயிருந்தது. கெசட் ஓடும் ஏழு நிமிடமும் யாராவது அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு நொடி விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். றிப்தா தன் கொண்டை ஊசியால் முட்டுக் கொடுத்துப் பார்த்தாள். ஊசி பறந்து கறுப்பையாவின் மடியில் விழுந்தது.

“இதையும் சேர்த்து வச்சிக்கொள்ளுங்க ஐயா, மியூசியத்துக்கு.”

சிந்துஜா விரலால் பிடித்தாள். மூன்றாவது நிமிடத்தில் விரல் வெளுத்தது, ஐந்தாவதில் கை நடுங்கியது. ஏழாவது நிமிடத்தின் முடிவில் திரையின் உச்சியில் ஒரு வரிசைப் புள்ளிகள் விழுந்தன. பிறகு அடுத்த வரிசை. வகிடு வந்தது. நெற்றி வந்தது. கறுப்பையா கதிரையை முன்னால் இழுத்து, இடது கண்ணைக் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஒவ்வொரு வரிசையோடும் தலையைக் கீழே இறக்கினார்.

“மூக்கு கொஞ்சம் கோணலாப் போச்சி,” என்றார். “அன்னிக்கே திருத்தியிருக்கணும்.”

அங்கம்மா குசினி வாசலைத் தாண்டி வரவில்லை.

அரை மணி நேரத்தில் பெட்டியை அணைத்தார்கள். பழைய பெட்டி, ஒரேயடியாக விட்டால் சூடேறிவிடும் என்று றவூப் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அணைத்தால் முகம் போய்விடும். மறுபடி ஏழு நிமிடம்.

“நான் நாளைக்கு விடியக்காலம அஞ்சே காலுக்கு மொத பஸ்ஸ புடிக்கணும், வீடு வர ராவாயிரும்,” என்றாள் சிந்துஜா, விரலை உதறியபடி. “ஞாயித்துக்கெழமைதான் திரும்பப் போட முடியும் அப்பா.”

“பரவாயில்லம்மா,” என்றார் கறுப்பையா. அவர் முகம் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் றிப்தா கலஹா வரை வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு, “எங்கட எதிர்க் கட்டடத்து ஏசிக்காரனுக்கு இந்தக் கேஸ் கெடைச்சீந்தா, திருடியப் பிடிச்சோம்னு பேப்பர்ல போட்டீப்பான் சேர்,” என்றாள்.

“பொறாமையா?”

“இல்ல சேர். முதல் தரமா, இல்ல.”

---

மறுநாள் காலை ஐந்தே காலுக்குப் பஸ்ஸின் சத்தம் வளைவைத் தாண்டிப் போனது. வீட்டில் கறுப்பையாவின் மூச்சு மட்டும் சீராகக் கேட்டது.

அங்கம்மா கைகால் முகம் கழுவி, திருநீறு பூசி, மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மகள் செய்ததைப் பார்த்திருந்த வரிசையில் சுவிட்சைப் போட்டாள். கெசட்டை உள்ளே தள்ளினாள். பட்டனைக் கட்டை விரலால் அழுத்தினாள். முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல். அது நடுங்கவில்லை.

கெசட் கீச்சிட்டது. அவள் அசையாமல் நின்றாள். வெளியே முதல் குருவி கத்தியது, வெளிச்சம் வரத் தொடங்கியது.

வகிடு வந்தது. நெற்றி வந்தது. கண்கள் வந்தபோது அங்கம்மா தலையைக் குனியவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்ப்பதுபோல் நேராகப் பார்த்தாள். கடைசி வரிசைப் புள்ளிகளும் விழுந்து முடிந்ததும் விரலை எடுத்தாள். கதிரையைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் இழுத்து வைத்தாள். குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள்.

சிறிது நேரத்தில் கட்டில் கிரீச்சிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு வரும் காலடி கேட்டது. கதிரை நகர்ந்தது. பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

“அங்கம்மா,” என்று கூப்பிட்டார் கறுப்பையா. “மக போட்டு வச்சிட்டா போயிருக்கு?”

அவள் கேத்தலில் தண்ணீரை ஊற்றினாள். மூடியை வைத்தாள்.

“ஆமாங்க,” என்றாள் உள்ளிருந்தபடியே. “ஒங்க மகதான்.”